இருபத்தோராம் நாள் காய்

தட்டில் வந்த வாழைக்காய் பஜ்ஜியைப் பார்த்ததுமே ஆனி ரோஸுக்குச் சந்தேகம் தட்டியது.

ஆய்வகத்துக்கு ஓடினாள். இரண்டாம் நம்பர் பெட்டி காலி. அடியில் வெள்ளைப் பொடிப் பொட்டலம் மட்டும் கிடந்தது.

கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த படிகப் பொடி அது. வாழைக்காய் பழுக்கும்போது தானே விடுகிற எத்திலீன் வாயுவை மட்டும் பிரித்துப் பிடித்து அந்தத் துளைகளுக்குள் அடைத்துவிடும். வாயு இல்லையென்றால் காய் காயாகவே கிடக்கும். இந்தப் பொடிக்காகப் பெரம்பலூர்க் கல்லூரியில் மூன்று வருடம் மாரடித்திருக்கிறாள். தா.பழூரிலிருந்து வாங்கிவந்து இரண்டாம் பெட்டியில் பொடியோடு வைத்த சீப்புகள் இருபத்தோரு நாளாகியும் பச்சைப் பசேலென்று இருந்தன.

பொடி போடாத முதல் பெட்டி அழுகி நாறியது. ஒப்பிட்டுக் காட்டத்தான் வைத்திருந்தாள். சென்னையிலிருந்து கல்லூரியை மதிப்பிடக் குழு வருகிற நேரத்தில் இதென்ன கருமம் என்று முதல்வர் சிவசுப்பிரமணியன் நேற்றே அதைத் தூக்கிப்போடச் சொல்லிவிட்டார். மகா சுத்தக்காரர்.

இன்று டிபனுக்கு வாழைக்காய் போதவில்லை. கேண்டீன் மாஸ்டர் அண்ணாதுரை ஆய்வகத்துக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான்.

"காலையில வெட்டுன காயின்னு நெனச்சுட்டேம்மா."

மூன்று வருடத்தில் அவள் ஆராய்ச்சிக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அதைக் கேட்டு அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. குழு மனது வைத்தால்தான் உதவித்தொகை நீளும். இல்லையென்றால் படிப்பை மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊரான வரதராசன்பேட்டைக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

காய் எங்கே என்று குழுத் தலைவர் கேட்டார். கேட்கும்போது வாயில் மூன்றாவது பஜ்ஜி. வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்பதுபோல் முதல்வர் முறைத்தார். அவள் காலிப் பெட்டியை மூடினாள்.

ஐந்து மணிக்கு அறிக்கையை வாசித்தார்கள். முதல் பக்கம் ஆராய்ச்சி: காய் பழுக்காமல் இருந்ததற்குச் சான்று காட்டப்படவில்லை, உதவித்தொகையை நிறுத்தலாம். இரண்டாம் பக்கம் உணவகம்: அன்றே வெட்டிய பசுங்காயில் செய்த வாழைக்காய் பஜ்ஜி, மிகச் சிறப்பு.

எல்லோரும் கைதட்டினார்கள். ஆனி ரோஸ் எழுந்தாள்.

"சார், அந்த ரெண்டாம் பக்கத்துல மட்டும் கையெழுத்து போட்டு எனக்கொரு காப்பி குடுங்க சார்."

பஜ்ஜி போட்டவருக்கு இவள் சொந்தக்காரியும் போலிருக்கிறது என்று நினைத்து, தலைவர் சந்தோஷமாகப் போட்டுக்கொடுத்தார்.

கார் கிளம்புமுன் அவள் மேல்முறையீட்டு மனுவை அவர் கையிலேயே நீட்டினாள். இரண்டாம் பெட்டியில் இருந்த இருபத்தோரு நாள் காய் இன்று மாலை என்ன ஆனது என்று அதில் விவரமாக எழுதியிருந்தாள். சான்று என்ற இடத்தில் அந்தப் பக்கத்தை இணைத்திருந்தாள்.

படித்துக்கொண்டே வந்த தலைவர், மெல்ல வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.