ஓடுதளத்தில் படுத்த பன்றி

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் பவளக்கல்லை இடித்து அமுக்கிப் போட்ட ஓடுதளம், காலை வெயிலில் உப்பளம்போலக் கண்ணைக் கூச வைக்கிறது. மூன்று மாதத்துக்குப் பிறகு பசிபிக் கடலின் தொங்கரேவா தீவுக்கு வந்த விமானம் தலைக்கு மேல் வட்டமடிக்கிறது. அதில் தபீதாவின் மகள், பிறந்து ஆறு வாரமான பிள்ளையோடு இருக்கிறாள். ஓடுதளத்தின் நட்டநடுவில் தபீதாவின் பன்றி அசையாமல் படுத்திருக்கிறது. "இன்னும் ஒரு சுத்துதானாம் அண்ணி! பெட்ரோல் பத்தாதாம், விமானி திரும்பிடுவாராம்!" என்று வானொலிப் பெட்டியைக் காதோடு அணைத்தபடி கொழுந்தன் தெரோங்கோ கத்துகிறான். "உங்க பன்னிக்கு இன்னிக்குத்தானா தூக்கம் வரணும்?" "வாயை மூடிட்டு வாலைப் பிடிடா!" விருந்துக்காகக் கழுவிக்கொண்டிருந்த வாணலியோடு தபீதா ஓடுகிறாள். அந்தப் போரில் விழுந்த குண்டுவீச்சு விமானத்தின் இறக்கைத் தகட்டை அடித்து அவள் மாமனார் செய்த வாணலி அது. தேங்காய்ச் சிரட்டையால் அவள் தட்டுகிற தட்டில் கடற்பறவைகள் எல்லாம் கிளம்புகின்றன. பன்றி ஒரு காதை மட்டும் ஆட்டுகிறது. தெரோங்கோ வாலைத் திருகவும், அது வீறிட்டுக்கொண்டு தாழம்புதருக்குள் பாய்கிறது. விமானம் தாழ்ந்து, வெண்புழுதியைக் கிளப்பி, குலுங்கி நிற்கிறது. மகள் படியிறங்கி வருகிறாள். "மேலேருந்து எல்லாம் பாத்தோம்மா. விமானிக்குச் சிரிப்பே தாங்கல." மூச்சிரைக்கும் தபீதா வாணலியைக் கீழே வைக்கிறாள். கைகளைப் பாவாடையில் துடைத்துத் துடைத்துப் பிள்ளையை வாங்குகிறாள். இத்தனை இரைச்சலிலும் அது தூங்குகிறது. பால் மணக்கும் உச்சந்தலையில் மூக்கை வைத்தவள் எடுக்கவே இல்லை.