ஏழு பாக்கெட் ஓமம்

கையில் நூறு கிராம் ஓமத்தோடு ஷேக் தாவூது பாய் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததும், மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த வேணி பாதியில் விட்டுவிட்டு வாசல் கேட்டுக்கு இறங்கி வந்தாள்.

நேற்றிலிருந்து அவளுக்குள் ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது.

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வேறு பண்ணியிருந்தாள்.

விஷயம் இதுதான். பக்கத்து வீட்டு பாய் இருபத்திரண்டு வருஷம் குவைத்தில் ஒரு குடோனில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை பார்த்தவர். உட்கார்ந்த வாக்கிலேயே திருச்சிக்குத் திரும்பினார் என்றுகூடச் சொல்லலாம். கூடவே சர்க்கரையும் வந்து இறங்கியது. மூன்று மாசச் சர்க்கரை பத்தைத் தாண்டிவிட்டது. தினமும் நடந்து, அடுத்த டெஸ்ட்டுக்குள் எட்டுக்குக் கீழே கொண்டுவராவிட்டால் தினம் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஊசி என்றால் பாய்க்கு என்ன ஆகும் என்பது தெருவுக்கே தெரியும். தடுப்பூசி கேம்ப்பில் அவர் மயங்கிச் சரிந்தபோது தாங்கிப் பிடித்தது வேணியின் புருஷன்தான்.

நடக்க ஆரம்பிக்கத்தான் செய்தார். மூவாயிரம் ரூபாய்க்கு ஷூ வாங்கிக்கொண்டு, கார்ப்பரேஷன் பார்க்கில் நாலே நாள். அதே வேப்பமரம், அதே பெஞ்சு, எதிரே வருகிறவனெல்லாம் தன் சுகரைச் சொல்லிவிட்டு நம் சுகரைக் கேட்கிறான், வாக்கிங் நமக்கு ஆகாது என்று ஐந்தாம் நாள் முடித்துவிட்டார். மகள் அஃபீஃபா போனில் அடி எண்ணுகிற ஆப் போட்டுக் கொடுத்தாள். பாய் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனை ஆட்டி ஆயிரம் அடி காட்டினார்.

அதற்கப்புறம்தான் அவர் மனைவி சுராயாவுக்கு மறதி வந்தது.

திங்கட்கிழமையானால் ஓமம் மறந்துபோகும். அது பெரியகடை வீதி நாட்டு மருந்துக் கடையில்தான் வாசமாக இருக்குமாம். செவ்வாய்க்கிழமை தைக்கிற நூல், சின்னக்கடை வீதி. ஒரு நாள் காந்தி மார்க்கெட்டில் புதினா. ஒரு நாள் பஸ்ஸில் போய்ப் பாலத்துக்கு இந்தப் பக்கமே இறங்கி, காவிரியைப் பார்த்துக்கொண்டே நடந்து, மாம்பழச்சாலையில் வாழையிலை. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக்கூட, பக்கத்துப் பள்ளிவாசலில் கூட்டம் ஜாஸ்தி, அதுக்கடுத்த பள்ளிக்குப் போங்க என்பாள். ஸ்கூட்டியில் போகலாம் என்றால் அதை அஃபீஃபா எடுத்துக்கொண்டு போயிருப்பாள்.

தெருவில் இரண்டு விதமாகப் பேசிக்கொண்டார்கள். சுராயாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஒன்று. பாயை அவள் எடுபிடி ஆள் ஆக்கிவிட்டாள் என்று இன்னொன்று. இரண்டையும் கிளப்பிவிட்டது வேணிதான்.

நேற்று கொஞ்சம் புளி கேட்கப் போனவள், நீ இரும்மா நானே எடுத்துக்கறேன் என்று சமையலறை அலமாரியைத் திறந்தாள். உள்ளே ஓமம் ஏழு பாக்கெட். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. கதவின் உள்பக்கம் காலண்டர். தேதிக்குத் தேதி பென்சிலில் கடைப் பெயர், பக்கத்தில் நிமிஷக் கணக்கு. முப்பது, நாற்பது, முப்பத்தைந்து. அடுத்தடுத்த இரண்டு நாளுக்கு ஒரே வழி வரவில்லை.

வேணி கேட்க வந்த புளியையே மறந்துவிட்டாள். அப்படி அடிக்கடி நடப்பதில்லை.

ஒரு மனுஷனுக்குச் சலிக்கக் கூடாது என்று ஊரையே தெருத்தெருவாகப் பிரித்து வைத்திருக்கிறாளே. வேணி தன் புருஷனுக்கு இட்லிக்குத் தொட்டுக்கொள்கிற சட்னியைக்கூட மாற்றி யோசித்ததில்லை.

சுராயா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். டெஸ்ட்டுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்குக்கா, இதுவும் வாக்கிங்தான்னு தெரிஞ்சா அன்னிக்கே நாற்காலியில உட்கார்ந்துடுவார் என்றாள். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது.

வேணி சத்தியம் செய்தாள். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் அதைக் காப்பாற்றினாள். அவள் வரைக்கும் அது பெரிய காரியம்.

பாய் கேட் அருகே வந்து நின்றார். சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. முன்பிருந்த தொப்பை சட்டைக்குள் பாதியாகியிருப்பதை வேணி அப்போதுதான் கவனித்தாள். மறதிக்காரியைக் கட்டிக்கிட்டா இதான் கதி என்று அவர் பெருமூச்சு விட்டார்.

வேணியின் வாய் அதுவாகத் திறந்துகொண்டது.

"பாய், உங்க வீட்ல ஏற்கெனவே ஓமம் ஏழு பாக்கெட் இருக்கு."

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பத்து நாள். பாழாய்ப்போன பத்தே நாள் பொறுக்க முடியவில்லையா உனக்கு.

பாய் தன் வீட்டுச் சமையலறை ஜன்னலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இதோட எட்டு. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா இது வாக்கிங் ஆயிடும் தங்கச்சி. எனக்கு வாக்கிங்னா ஆகாது."

காலண்டரை இரண்டாவது வாரமே பார்த்துவிட்டாராம். அவள் போட்ட நிமிஷம் போதாது என்று தெப்பக்குளத்தைத் தனியாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறாராம். இப்போது அவருக்கு ஒரே கவலை. சுராயாவுக்குக் கடை தீர்ந்துகொண்டு வருகிறது. இந்த வாரத்தில் பாதிக் கட்டம் காலி. பென்சிலைக் கடித்துக்கொண்டு அலமாரி முன்னால் நிற்கிறாள், பார்க்கச் சகிக்கவில்லை. அதனால் நேற்று சாப்பிடும்போது, யாரும் கேட்காமலே, உறையூரில் ஒரு கடையில் கைலி நன்றாக இருக்கிறதாம் என்று சொல்லிவைத்தாராம்.

அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனார்.

வேணி நின்ற இடத்திலேயே நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் செருப்பைக் கழற்றுகிற சத்தம். பிறகு சுராயாவின் குரல், ரொம்ப வருத்தமாக.

"என்னங்க, நாளைக்கு உறையூர் வரைக்கும் போயிட்டு வரணுமே. உங்களுக்குக் கைலி எடுக்கணும்னு இருந்தேன், மறந்தே போச்சு."

பாய் சலித்துக்கொண்டார். தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி, நன்றாகவே சலித்துக்கொண்டார்.