இந்திரா கேட்ட ஐம்பது பிராங்க்

மொழிபெயர்க்க ஐம்பது பிராங்க் வேண்டும் என்று இந்திரா கேட்டதைத் தவச்செல்வனால் ஜீரணிக்கவே முடியவில்லை.

அப்படி என்ன பெரிய வேலை? வங்கியோடு ஒரு வழக்கு. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தமிழில் சொல்வதை டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், சொல்ல வேண்டும். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற பெண்ணுக்கு டொச் தண்ணீர் பட்ட பாடு. இந்தச் சுவிஸ் நாட்டுப் பாடனில் நம்மவர்கள் இத்தனை வருடமாக ஒருவருக்கொருவர் உதவித்தானே தலையெடுத்தார்கள்?

இதையெல்லாம் அவர், தான் நடத்துகிற மாதச் சீட்டில் இருக்கிற நாலைந்து பேருக்குத் தொலைபேசியில் சொல்லி ஆறுதல்பட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டிருந்த மனைவி தில்லைநாயகிக்குத்தான் பொறுக்கவில்லை.

“அந்தப் பிள்ளைக்கு என்ன முடையோ. கேட்டதைக் குடுத்திட்டுப் பேசாமல் இருங்கோ.”

வழக்கு இதுதான். மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்கிற தவச்செல்வனுக்கு ஒரு மாதம் சம்பளம் இரண்டு நாள் பிந்தி வந்தது. அதற்குள் வாடகை, காப்புறுதி, தொலைபேசி என்று கணக்கிலிருந்து தானாகப் போக வேண்டிய பணம் போகாமல் நின்றுவிட்டது. ஒவ்வொன்றுக்கும் வங்கி ஒரு கட்டணம் பிடித்தது. பிடித்ததை அறிவித்து அனுப்பிய கடிதத்துக்கும் ஒரு கட்டணம் பிடித்தது. மொத்தம் இருநூற்று நாற்பது பிராங்க்.

நேரில் போய்க் கேட்டார். ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். மனிதர் விடவில்லை. சின்ன வழக்குகளைக் கோர்ட்டுக்குப் போகாமல் பேசித் தீர்க்கும் சமரச நீதிபதிக்கு எழுதிப் போட்டார். சரிவராவிட்டால் அடுத்தது கோர்ட். கோர்ட் என்றால் வக்கீல். அதற்கு அவரிடம் வசதியில்லை. இன்றைக்குத்தான் விசாரணை, இதை விட்டால் பணம் போனதுதான்.

நீதிபதி ஒரு வயதான அம்மா. எதிரே வங்கியிலிருந்து டை கட்டிய இளைஞன். அவன் நிதானமாகப் பேசி முடித்ததும் இந்திரா மெதுவாகச் சொன்னாள்.

“நீங்கள் கையெழுத்து வைச்சனீங்களாம் அண்ணை. சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானாம்.”

தவச்செல்வனுக்கு இரத்தம் தலைக்கேறியது. இவ்வளவு நாளும் மனதுக்குள் பேசிப் பார்த்ததெல்லாம் ஒன்றாக வெளியே வந்தது.

“நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லும் பிள்ளை. சம்பளம் பிந்தினது என்ரை பிழையோ? ரெண்டு நாள் பொறுத்திருந்தால் முழுக்காசும் வந்திருக்கும். நான் ஆரையும் ஏமாத்திப்போட்டு ஓடேல்லை. கையிலை இல்லையெண்டு நிக்கிறவனிட்டைப் போய் இன்னும் தா எண்டு கேக்கிறது எந்த ஊர் நியாயம்?”

இந்திரா வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வங்கிக்காரன் மணிக்கூட்டைப் பார்த்தான். நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஏதும் பிரச்சினையா என்பதுபோல இந்திராவைப் பார்த்தார்.

தவச்செல்வனுக்குச் சந்தேகம் வந்தது. காசையும் கேட்டுவிட்டு இப்போது கழுத்தறுக்கப் போகிறாளோ? இல்லை, பாதியில் நின்றுகொண்டு இன்னும் கூட்டிக் கேட்கப் போகிறாளோ? நம்மவள் என்று நம்பிக் கூட்டிவந்ததற்குத் தன்னையே நொந்துகொண்டார்.

“ஏன் பேசாமல் இருக்கிறீர்? சொல்லும்,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

இந்திரா முன்னாலிருந்த தண்ணீரை ஒரு மிடறு குடித்தாள். பிறகு பேசினாள். முதலில் குரல் தடுமாறியது, போகப் போகத் தடுமாறவில்லை. நீதிபதியைப் பார்க்காமல் வங்கிக்காரனின் கண்ணைப் பார்த்தே பேசினாள். தவச்செல்வனுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் புரிந்தது. ஆனால் அவனுடைய முகம் சிவப்பது நன்றாகத் தெரிந்தது.

நீதிபதி அம்மா அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த இரண்டு நாளால் வங்கிக்கு என்ன நட்டம்?

அவன் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். தவச்செல்வன் மனதுக்குள் திரிம்பாக் ஊர்க் கோயிலுக்கு ஒரு அர்ச்சனை நேர்ந்தார்.

திரும்பி வந்தவன், பிழை எதையும் ஒப்புக்கொள்ளாமல், நல்லெண்ணத்துக்காக முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாகச் சொன்னான்.

வாசலுக்கு வந்ததும் தவச்செல்வனுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. ஏழைக்கும் நியாயம் கிடைக்கிற நாடு என்று புகழ்ந்தார். இந்தச் சந்தோசத்தில் இந்திரா காசு வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்றும் எதிர்பார்த்தார். அவள் சொல்லவில்லை, போகவுமில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

அவர் மனமில்லாமல் ஐம்பது பிராங்க் நோட்டை எடுத்து நீட்டினார். சும்மா கொடுக்க மனம் வரவில்லை.

“இந்தாரும், கேட்ட காசு. எங்கடை ஆக்களுக்கு ஒரு உதவி செய்யிறதுக்கும் இப்ப விலை வந்திட்டுது, என்ன?”

இந்திரா நோட்டை வாங்கினாள். பையைத் திறக்கவில்லை. அதே நோட்டை அவரிடமே நீட்டினாள்.

“பிடியுங்கோ அண்ணை. கையிலை இல்லாமத்தான் உங்களிட்டையே கேட்டனான். போன மாசம் எனக்கும் சம்பளம் ரெண்டு நாள் பிந்தித்தான் வந்தது. உங்கடை சீட்டுக்காசைப் பிந்திக் கட்டினதுக்கு நீங்கள் போட்ட தண்டம் இது.”