பெட்டியா, மிஷினா

ஜெகநாதன் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு ஒத்திகை அறைக்குள் வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

தன் கிட்டார் ஒலிக்கும் ஆம்ப் பெட்டி இருக்கிற அறையில் அவர் செருப்புப் போட மாட்டார். மேடையிலும் வெறுங்கால்தான். அந்தப் பெட்டி அவருக்குச் சாமி மாதிரி என்று குழுவில் பெருமையாகச் சொல்வார்கள். அருள்தாசுக்கோ அந்தப் பக்தியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

இன்னிசைக் குழு அருள்தாசுடையது. கீபோர்டும் அவன், வேனும் அவன். வேனில் பாதி இடத்தை அடைத்துக்கொள்வது ஜெகநாதனின் பேஸ் கிட்டார் ஆம்ப். அதைத் தூக்கினவன் மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரிவான். மற்றவர்கள் எல்லோரும் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு அலுங்காமல் வாசித்துவிட்டுப் போக, இவர் மட்டும் பெட்டி வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்று பத்து வருஷமாக ஒரே பல்லவி. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவ்வளவு தலைக்கனம்.

அதனால்தான் அருள்தாஸ் இன்று அந்தப் பெட்டியைக் கேப்சர், அதாவது அதன் சத்தத்துக்கு ஒரு நகல், எடுத்தான்.

அமாவாசை. தெருவில் ஒரு தறியும் ஓடாது. மற்ற நாளில் பக்கத்து பவர்லூம் ஷெட்டின் இரைச்சலில் ஆம்ப் முன்னால் மைக் வைக்கவே முடியாது. லேப்டாப்பிலிருந்து கீச்சென்றும் உறுமலென்றும் சத்தங்களைப் பெட்டிக்குள் அனுப்பினான். பெட்டி அவற்றை என்ன செய்து வெளியே விடுகிறது என்று கேட்டுக் கேட்டு நியூரல் மிஷின் படித்துக்கொண்டது. ஜெகநாதன் டேப் சுற்றிக் காப்பாற்றி வைத்திருந்த சத்தத்தைக் கரகரக்க வைக்கும் பழைய டிஸ்டார்ஷன் பெடலையும் விடவில்லை. மத்தியானத்துக்குள் இரண்டும் உள்ளங்கையளவு டப்பாவுக்குள் அடங்கிவிட்டன.

படவேட்டுக் கோயிலில் ஆடி வெள்ளிக் கச்சேரி. அதற்குப் பெட்டி போவதா வேண்டாமா என்பதுதான் பந்தயம்.

ஜெகநாதனே முன்பு வாசித்துப் பதிந்த ஒரு துண்டு. அதை ஒரு தடவை தரையில் இருக்கும் பெட்டி வழியாகவும், ஒரு தடவை மேசைமேல் ஸ்பாஞ்சு போட்டு வைத்த ஸ்பீக்கரில் மிஷின் வழியாகவும் மாற்றி மாற்றி விடுவான். எது எது என்று அவர் சொல்ல வேண்டும். அருள்தாஸ் போதும் என்கிற வரைக்கும் திரும்பக் கூடாது. ஒன்று தப்பினாலும் பெட்டி வீட்டில், இயர்போன் காதில்.

ஜெகநாதன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஒவ்வொன்றும் ஆரம்பிக்கும்போது பாட்டுக்கார கீதா அவர் தோளில் தட்ட வேண்டும். வாயால் யாரும் பேசக் கூடாது, கவனம் கலையுமாம்.

கீதா தட்டினாள். பெட்டி என்றார். சரி.

தட்டினாள். மிஷின் என்றார். சரி.

கீதாவுக்கோ டிரம்ஸ் அன்பழகனுக்கோ இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஜெகநாதன் ஒன்றைக்கூட விடவில்லை. பகலெல்லாம் பவர்லூம் ஷெட்டில் நிற்கிற மனுஷனுக்கு இப்படியொரு காதா என்று அன்பழகன் வாய்பிளந்து நின்றான். அருள்தாஸ் முகத்தில் ஈயாடவில்லை. ராத்திரியெல்லாம் விழித்துக் கற்றுக்கொண்ட வித்தையை, செருப்பில்லாத ஒரு ஆள் சுவரைப் பார்த்து நின்றே மூக்கறுக்கிறார்.

அந்த எரிச்சலில்தான் கை தவறியது. கீதா தோளில் தட்டிவிட்டாள். அருள்தாசின் விரல் பட்டு எல்லாச் சத்தமும் மொத்தமாக அடங்கிப்போயிருந்தது. பெட்டியும் ஊமை, ஸ்பீக்கரும் ஊமை. மேலே மின்விசிறி சுற்றுவதுதான் கேட்டது.

அவன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அதற்குள் ஜெகநாதன் தலையை மெல்ல ஆட்டினார்.

"இது மிஷினு. சவுண்டு நல்லாத்தான் கீது, உயிருதான் இல்ல."



அருள்தாஸ் தரையிலிருந்த பெட்டியைப் பார்த்தான்; அது ஒலித்தால் தரையும் அதிரும். ஸ்பாஞ்சின் மேல் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்தான். பிறகு, சிமெண்டுத் தரையில் பத்து விரலையும் விரித்து அழுத்தி நின்ற அந்த வெறுங்கால்களை வெகுநேரம் பார்த்தான்.

இன்னொரு தடவை தட்டச் சொல்லிக் கீதாவுக்குச் சைகை காட்டினான். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையசைத்து மறுத்தாள். அன்பழகன் முன்னே வரப் பார்த்தான். அவனை ஒரு பார்வையிலேயே நிறுத்திவிட்டு அருள்தாஸ் எழுந்து போய்த் தானே தட்டினான். எதையும் ஓடவிடவில்லை.

ஜெகநாதன் கண்ணை மூடிக் கவனித்தார். இதுவும் மிஷின்தான் என்றார், சிரித்துக்கொண்டே.

அருள்தாசுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாத, வயிறு நிறைந்த சந்தோஷம். அவர் பிடரிக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி நின்று, மேடையில் மைக் இல்லாதபோது பேசுகிற உரத்த குரலில் சொன்னான்:

"போதும்ணா. படவேட்டுக்கு நீ வராத. பெட்டியும் வேணாம், நீயும் வேணாம்."

பத்து வருஷத்தில் அவரை அவன் 'ங்க' போடாமல் பேசியது அதுதான் முதல் தடவை. கீதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜெகநாதன் சுவரைப் பார்த்தபடியே நின்றார். சிரிப்பு இன்னும் போகவில்லை. தோளைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, அடுத்த தட்டுக்காகக் காத்திருந்தார்.