மான்குட்டியைக் கடித்த வாய்

லோனி தன் கையிலிருந்த மான்கறி வற்றலைப் பிய்த்து மேபலுக்குப் போட்டான். மேபல், டெல்பர்ட்டின் வேட்டைநாய். போன வருடம் தன் நாயைச் சுட்டுக் கொன்றவனின் நாய்க்கு எவன் தீனி போடுவான்? இவனுக்குக் கோபம் தணிந்துவிட்டது என்று டெல்பர்ட் நிம்மதியானான்.

அன்று லோனியின் நாய் ஒரு சினைமானைத் துரத்தியது. டெல்பர்ட் பார்த்தான், சுட்டான், அவ்வளவுதான். "சும்மா விளையாட்டுக்கு ஓடுதுடா, விட்டுடு!" என்று லோனி கத்தியதை அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மானுக்குப் பின்னால் போகும் நாயைச் சுடுவது அந்த மலையில் அப்பன் பாட்டன் காலத்து வழக்கம். அதை ஊருக்கெல்லாம் உரக்கச் சொல்லித் திரிந்தவன் டெல்பர்ட்.

வேட்டைக்குப் போனவர்கள் இப்போதெல்லாம் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். எல்லாம் கொயோட்டிகளின் அட்டூழியம். ஓநாயை விடச் சிறியது, நரியை விடப் பெரியது, இரண்டின் திருட்டுப் புத்தியும் அதற்கு உண்டு. பிறந்த மான்குட்டி நான்கு காலில் நிற்பதற்குள் தின்றுவிடுகிறது என்று வேட்டைக்காரர்கள் குமுறினார்கள்.

உண்மையா என்று பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஷெல்பி வந்திருந்தாள்; லோனியும் டெல்பர்ட்டும் அவளுக்குத் துணை. குட்டிகளின் கழுத்தில் ரேடியோப் பட்டை மாட்டியிருந்தாள். குட்டி செத்துச் சில மணி நேரம் அசையாமல் கிடந்தால் அவள் கையில் இருக்கும் கருவி கத்தும். ஓடிப்போய்க் கடிபட்ட காயத்தில் பஞ்சை ஒற்றி எச்சில் எடுப்பாள். எச்சில் எந்த மிருகத்துடையதோ, அதுதான் கொலைகாரன்.

கருவி கத்தியது.

"போச்சு, இன்னொண்ணு!" என்று ஷெல்பி எழுந்தாள்.

புதர் மண்டிய பள்ளத்தில் கருவி திசை தெரியாமல் திணறும். அங்கே மேபலின் மூக்குதான் வழிகாட்டி. நாய் முன்னால் பாய, லோனி பின்னாலேயே ஓடினான். டெல்பர்ட்டுக்கு முழங்கால் மக்கர். ஷெல்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து சேர்ந்தான்.

புள்ளி போட்ட குட்டி கழுத்து கிழிந்து கிடந்தது. லோனி சட்டைப் பைக்குள் கையை விட்டபடி நின்றான். மேபல் மூக்கை நக்கிக்கொண்டு வாலாட்டியது.

"யாரும் தொடலையே?" கையுறை மாட்டிக்கொண்டே ஷெல்பி கேட்டாள்.

"நான் கையே வைக்கலைம்மா," என்றான் லோனி.

"நாய்?"

டெல்பர்ட்டுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் மேபலா? நான் சொல்லாம எதுலயும் வாய் வைக்காது. நீயே சொல்லு லோனி!"

"வளர்ப்பு அப்படி," என்றான் லோனி.

கோடை முடியும்போது எச்சில் சோதனையின் முடிவு வந்தது. வேட்டைக்காரர் சங்கக் கூடத்தில், எல்லோரும் காலை உணவுக்குக் கூடியிருந்தபோது, ஷெல்பி எழுந்து நின்றாள். செத்த குட்டிகளில் பெரும்பாலானவை கொயோட்டி கடித்தவைதான் என்றாள். கூடமே மேஜையைத் தட்டி ஆர்ப்பரித்தது.

"பள்ளத்துல கிடந்தது மட்டும் வேற," என்று அவள் தயங்கினாள். "அதுல இருந்தது நாய் எச்சில். அன்னைக்கு மேபல் வாய் வைக்கலைன்னு ரெண்டு பேருமே சொன்னீங்க. அப்போ, ஏதோ நாய் முன்னாடியே வந்து கடிச்சிருக்கணும்."

அந்தப் பக்கத்தில் இருந்ததே இரண்டு நாய்கள். ஒன்று லோனி வீட்டுக் கொல்லையில் மண்ணுக்கடியில் இருந்தது.

"என்ன டெல்பர்ட்டு, மான் பின்னாடி போற நாயை என்ன பண்ணணும்? எங்களுக்குப் பாடம் எடுத்தியே!" என்று எவனோ கேட்டான். சிரிப்பு எழுந்தது.

டெல்பர்ட்டின் முகம் செத்துப்போனது. "லோனி, நீதானே முதல்ல போன? எதையாவது பார்த்தியாடா?" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டான்.

லோனி ரொட்டியை மென்று விழுங்கினான். "நான் என்னத்தைச் சொல்ல? ஊருக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயம்னு பேச்சு வராம பார்த்துக்க."

மூக்கை நக்கிக்கொண்டு நின்ற நாயின் கோலம் டெல்பர்ட்டின் கண்முன் வந்தது. அதற்கு முந்தைய இரவு அது தன் கட்டிலை விட்டு இறங்கிப் போய்க் கடித்துவிட்டு வந்து, ஒன்றும் தெரியாததுபோல் படுத்திருக்கிறதே!

வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியை எடுத்தான். பாவம் அந்த நாய், வேட்டைக்குத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்துத் துள்ளிக் குதித்துக்கொண்டு அவனுக்கு முன்னால் ஓடியது.

ஒரே வெடி.

லோனி மண்வெட்டியோடு வந்து, டெல்பர்ட் கேட்காமலே குழி தோண்ட ஆரம்பித்தான். மேபலை உள்ளே இறக்கியதும் அவன்தான். டெல்பர்ட் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

"புள்ளை மாதிரி வளர்த்தேன்டா. ஒரு கொலைகாரியையா இத்தனை நாள் பக்கத்துல படுக்க வச்சிருந்தேன்?"

லோனி கடைசி மண்ணையும் தள்ளி மூடி, காலால் நன்றாக மிதித்துச் சமன் செய்தான். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவன், நின்று திரும்பினான்.

"ஏற்கெனவே செத்துக் கிடந்த குட்டியோட காயத்தை அது பாசமா நக்கிக் குடுத்ததை, நான் பக்கத்துல நின்னு பார்த்தேன் டெல்பர்ட்."