துன்யாவின் முதல் குளியல்

நெவேனா உள்ளே வந்ததும் முதல் வேலையாகச் சன்னலைத் திறந்தாள்.

"பிள்ளை வளக்கிறீங்களா, ரொட்டி சுடுறீங்களா?"

மிலுதின் அசடு வழிந்தான். காற்றடித்தால் பிள்ளைக்கு ஆகாது என்று வீட்டை இறுக்கி மூடி, அடுப்பில் விறகையும் திணித்து வைத்திருந்தவன் அவன்தான்.

பிள்ளை பெற்றவர்களை வீடு தேடி வந்து பார்க்கும் நர்ஸ் நெவேனா. சின்னப் பெண். கட்டிலில் உட்கார்ந்திருந்த தெசாங்காவுக்கு நாற்பது தாண்டிவிட்டது.

மிலுதினும் தெசாங்காவும் நீஷ் நகரத்தை விட்டு இந்த ஊருக்குக் குடிவந்தது போன வசந்தத்தில்தான். இங்கே யாருக்கும் அவர்களை அவ்வளவாகத் தெரியாது.

"முதல் பிள்ளையா அக்கா?"

தெசாங்கா தலையசைத்தாள். மடியில் துன்யா, சுற்றிய துணிக்குள்ளிருந்து மூக்கு மட்டும் தெரிய.

"அப்ப நான் தொட மாட்டேன். நீங்களே குளிப்பாட்டுங்க."

மிலுதின் வெந்நீரை விளாவித் தொட்டியில் ஊற்றினான். தெசாங்கா அதன் முன்னால் நின்றாள்.

"சூடு சரியா இருக்கான்னு எப்படிப் பாக்கறது?"

"முழங்கையை விட்டுப் பாருங்க."

"தலையை எப்படிப் பிடிக்கணும்?"

மிலுதின் மனைவியை வெறித்துப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் இவன் பக்கமே திரும்பவில்லை.

நெவேனா தெசாங்காவின் இடது கையைப் பிள்ளையின் கழுத்துக்கு அடியில் கொடுத்து, விரல்களை அக்குளில் வளைத்து வைத்தாள். "இப்படி. இனி நழுவாது. கண்ணாடிப் பாத்திரம் இல்லக்கா, பயப்படாதீங்க."

தண்ணீர் பட்டதும் துன்யா வீறிட்டாள்.

பிறகு அந்தக் குட்டிக் கால்கள் தானாக நீண்டன. அழுகை நின்றது.

துடைக்கும்போது தொப்புள்கொடித் துண்டைக் கண்டு தெசாங்காவின் கை தயங்கியது.

"தேய்க்காம ஒத்தி எடுங்க. டயபரை அதுக்குக் கீழ மடிச்சு விடுங்க. காத்துப் பட்டு, அதுவா காஞ்சு விழுந்துடும்."

எல்லாம் முடிந்ததும் மிலுதின் பிளம் சாராயக் குப்பியை எடுத்தான்.

"அடுத்த வீட்டுக்குத் தள்ளாடிக்கிட்டுப் போகவா அண்ணே?" என்று காபி மட்டும் குடித்துவிட்டு எழுந்தாள் நெவேனா. "அக்கா நல்லாப் பிடிச்சுக்கிட்டாங்க. ஒரு தடவை காட்டினா போதும்."

கதவு சாத்தியதும் மிலுதின் சிரித்தே விட்டான்.

"என்னமா நடிக்கறே! இருபது வருஷம் பிரசவ வார்டுல நர்ஸா இருந்தவ நீ. எத்தனை பச்சப் பிள்ளைங்களக் குளிப்பாட்டியிருப்பே! அந்தப் பொண்ணு மனசு நோகக்கூடாதுன்னா?"

தெசாங்கா பிள்ளையின் ஈர முடியை முகர்ந்தபடி இருந்தாள்.

"நடிக்கல மிலுதின். தண்ணி முன்னாடி நின்னப்ப எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரல. அதெல்லாம் அடுத்தவங்க பிள்ளைங்க."

அவன் சிரிப்பு அடங்கியது. வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நாளைக்கும் வருவாளா?" என்று கேட்டான்.

"வருவா."

"வரட்டும்."

பிள்ளையை அவன் கைகளில் வைத்துவிட்டுப் படுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்போதுதான் தூங்கினாள்.

மிலுதின் மூக்கு அரித்தும் சொறியாமல், அசையாமல் உட்கார்ந்திருந்தான்.