பழைய பெட்ரோல் ஹோஸ்

யூட்லாந்துக் கிராமப்புறத்தின் மதிய வெயில் கொட்டகைக்குள் சிறு விமானத்தின் மூக்கில் விழுகிறது. வெளியே புல் ஓடுதளத்தில் காற்று மட்டும்தான். எழுபது வயது யால்மர் என்ஜினிலிருந்து கழற்றிய பெட்ரோல் ஹோஸை மடக்கிப் பார்க்கிறார், ரப்பர் வெடித்திருக்கிறது. புதியதை மாட்டி கிளாம்பை இறுக்குகிறார். ஸ்டூலில் வைத்த கைபேசியில் பிரெபன் பேசுகிறார். இருபது வருஷம் பக்கத்து இருக்கையில் பறந்தவர், பார்வை போய் இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார்.

"நல்லா இறுக்குனியாடா?"

"இறுக்கிட்டேன். நீ இருந்தா இன்னொரு தடவ இழுத்துப் பாத்திருப்ப."

"உன்ன எவன் நம்புறது? பழைய ஹோஸத் தூக்கிப் போட்டுடாத. எடுத்துட்டு வா."

"அத வச்சு என்ன பண்ணப் போற?"

"மோந்து பாக்கணும்டா. இங்க எங்க திரும்பினாலும் சோப்பு வாசன."

யால்மர் பழைய ஹோஸைக் கையில் எடுக்கிறார். ஹோஸின் இரண்டு முனைகளையும் துணி வைத்து இறுக்கி அடைக்கிறார், உள்ளிருக்கும் வாசம் வழியில் போய்விடாதபடி.